ராணி கலர் துணியில் கட்டிய சப்பாத்தி

என் வீட்டுக்காரருக்குப் பை கட்டுவது பரீட்சை எழுதுகிற மாதிரி. எழுதுவது நான், திருத்துவது அவர். கூடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து, எடுத்துப்போகிற சாமான் எல்லாவற்றையும் அதன்மேல் பரப்ப வேண்டும். நேராகப் பைக்குள் போட்டுவிட்டால் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, வேண்டாததை என் பக்கம் தள்ளுவார். கல்யாண வீட்டுக்குப் போவதாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு தடவை திருப்பதிக்குக் கிளம்பும்போது என்னுடைய இரண்டாவது புடவை என் பக்கம் வந்து விழுந்தது. அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையைக் கேட்க எங்கள் லைன் வீட்டு வரிசையில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மாரிகுப்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் அவர் கீழே வேலை பார்த்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொள்வார்களாம். கேஜ் இறங்குகிற ஷாஃப்டில் சின்ன நட்டு ஒன்று நழுவி விழுந்தால்கூட, அடியில் நிற்கிறவன் தலைக்கு வந்து சேரும்போது அது சின்ன நட்டாக இருக்காது. அதனால் தொங்குவது, ஆடுவது, கலகலப்பது எதுவும் கூடாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அந்த ரயிலில் ஏறும்போதும் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

போன வருஷம் கடலை முற்றுகிற சமயத்தில், ஒரு ராத்திரி தங்கி வேட்டையாட நாங்கள் இரண்டு பேரும் பை கட்டினோம். எலி வேட்டை. முகத்தைச் சுளிக்க வேண்டாம். முயலையும் கௌதாரியையும் இந்தக் காலத்தில் தொட்டால் கேஸ். வயல் எலியைப் பிடித்துக் கொடுத்தால் நிலத்துக்காரன் கும்பிடுவான்.

கூப்பிட்டவன் என் தம்பி. பெங்களூரில் ஒரு குடோனில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன், திடீரென்று அதை விட்டுவிட்டு, பெண்டாட்டி ஊரான பூதிகோட்டையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நிலக்கடலை போட்டான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்கள் இங்கே வந்ததிலிருந்து குடும்பத்தில் எல்லோரும் மண்ணைத் தோண்டியவர்கள்தான். விதைத்தவன் இவன் ஒருத்தன். ஏன்டா இந்த வேலை என்று நான் கேட்டபோது, நான் தூங்குவதைத்தான் என் பொண்ணு பார்த்திருக்கிறாள், முழித்திருப்பதைப் பார்த்ததே இல்லை என்று சொன்னான்.

கடலை நன்றாகத்தான் வந்தது. பிடுங்குவதற்கு நாள் நெருங்கும்போது எலி இறங்கிவிட்டது. அவன் போனில் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"மேல பார்த்தா செடி பச்சையா நிக்குதுக்கா. புடுங்கினா கீழ ஒன்னுமே இல்ல. வெறும் ஓடுதான் கீது. இந்த வெள்ளாமை கைக்கு வந்தா நான் இங்க நிப்பேன். இல்லன்னா மறுபடியும் குடோன்தான்."

மருந்து வைக்க அவனுக்கு மனசில்லை. அந்த வழியாக ஆடு மேய்கிறது, முந்தின வருஷம் யாரோ வைத்த மருந்தைத் தின்று ஒரு நாய் துடித்துச் செத்ததை அவன் மகள் பார்த்துவிட்டாளாம். அதனால் மாமாவை அனுப்பு என்றான். எலியோடு பழகியவர் அவர்தானே என்றான்.

இதைக் கேட்டு எங்கள் லைனில் சிரிக்காதவர்கள் இல்லை. ஏனென்றால் கீழே வேலை செய்தவர்கள் எலியோடு பழகிய பழக்கம் வேறு மாதிரியானது. அவர்கள் எலியைப் பிடித்ததில்லை, சோறு போட்டிருக்கிறார்கள். லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தால் முதல் துண்டைப் பிய்த்து முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் தங்கள் வாயில் வைப்பார்கள். பாறை தானாக வெடித்துச் சரிவதை இங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அது வருவது மனுஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் எலிக்குத் தெரிந்துவிடும். எலி ஓடினால் இவர்களும் ஓட வேண்டும். எலி பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்றால் அதற்குச் சோறு போட வேண்டும்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பதே அப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுற்றி இருந்த எலிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடினவாம். இவரும் கூட இருந்தவர்களும் சோற்றை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்திருந்த இடத்தில் பாறை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இதைச் சொன்னார், பஸ்ஸை விட்டுவிட்ட கதையைச் சொல்கிற குரலில். அன்றிலிருந்து சுரங்கம் மூடுகிறவரைக்கும் அவர் டிபனில் ஒரு இட்லியோ ஒரு சப்பாத்தியோ கூடுதலாக வைத்தேன். என் தாலியைக் காப்பாற்றிய ஜீவனுக்கு அதுகூடச் செய்யமாட்டேனா.

இப்படிப்பட்ட மனுஷர் எலி பிடிக்க வருவாரா? தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வரேன்னு சொல்லு என்றார். நிஜமாகவா என்றேன். ராத்திரி ஷிப்ட் எப்படி என்று தனக்குத் தெரியும், மச்சான் அங்கே நிற்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. சோறு போட்ட கையால் இவர் எலியை எப்படிப் பிடிப்பார்? அதைப் பார்க்காமல் என்னால் வீட்டில் உட்கார முடியாது. நானும் வருகிறேன் என்றேன். அப்போ உன் சாமானையும் போர்வையில் வை என்றார்.

வைத்தேன். தலையணை உடனே திரும்பி வந்தது. கை இருக்குதில்ல, அதை மடிச்சி வெச்சிக்கோ என்றார். காபி பிளாஸ்க் வந்தது. கொசுவர்த்திச் சுருள் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினார். தீப்பெட்டியைக் காதில் வைத்து ஆட்டினார், குச்சி கலகலத்தது. மூடியைத் திறந்து ஒரு சின்னப் பஞ்சைத் திணித்தபிறகு சத்தம் நின்றது, பைக்குள் போனது. டார்ச் போனது. இரண்டு சாக்கும் வலையும் உள்ளே போயின, வலையின் ஈயக்குண்டுகளைத் துணியால் சுற்றியபிறகு. தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் படுதா. குளிருக்கு ஆளுக்கொரு சால்வை, அதையும் பையில் வைக்காமல் போர்த்திக்கொண்டே வண்டியில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. என் மாற்றுப் புடவையை அவர் தொடக்கூட இல்லை, கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். வயலில் விழுந்து எழுந்து சேறாகிவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டேன். காஞ்சா உதிர்ந்துடும் என்றார்.

கடைசியில் சாப்பாட்டு டப்பா. எவர்சில்வர் டப்பா, என் அம்மா வீட்டுச் சீர். மூடி கொஞ்சம் லூஸ். அவர் ஆட்டினார், அது லொடலொடத்தது. அதையும் என் பக்கம் தள்ளினார்.

அப்போ சப்பாத்தியை என்ன, இடுப்பில் செருகிக்கொண்டு வரட்டுமா என்று கத்தினேன். துணியில கட்டு என்றார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன், துணிக்கா பஞ்சம். தையல் மிஷின் பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணிகளில் ஒரு வெள்ளைத் துண்டை உருவும்போது இன்னொன்றும் கூடவே வந்தது. பளீரென்ற ராணி கலர். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற வீட்டு அம்மாவின் கல்யாணநாள் ரவிக்கையில் மீந்தது. சப்பாத்தியும் உருளைக்கிழங்குப் பொரியலும் சுருட்டி வாழை இலையில் வைத்து, வெள்ளைத் துணியில் கட்டினேன்.

ராணி கலர் துணி எதற்கு என்றால், அங்கேதான் விஷயம். எல்லாம் கட்டி முடித்தபிறகு அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"இன்னொன்னு போடுமே. தனியா கட்டு."

ஒரு கரண்டிக்கு இடமில்லாத பையில் ஒரு சப்பாத்திக்கு இடம் எங்கிருந்து வந்தது? யாருக்கு என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன. எலி பிடிக்கப் போகிற இடத்துக்கு எலிக்குச் சாப்பாடு. தம்பிக்குத் தெரிந்தால் குதிப்பான் என்று சொன்னேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். இன்னொன்று சுட்டு, அந்த ராணி கலர் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். கட்டும்போது கோபமாகத்தான் இருந்தது. கூடவே, இந்த ஆள் என்ன செய்யப்போகிறார் என்கிற ஆசையும் இருந்தது.

மத்தியானம் கிளம்பினோம். பை மொத்தமும் வண்டியின் டேங்க் மேல் அடங்கிவிட்டது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டி, ஊரிகம் ஸ்டேஷன் பக்கமாகப் போய், பங்காருப்பேட்டையில் ஒரு டீ குடித்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் பூதிகோட்டைக்கு வந்தோம். வழியில் பையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் இல்லை. அது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, அவரிடம் சொல்லவில்லை.

தம்பி வயலில் காத்திருந்தான். இளைத்திருந்தான். ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினான். வேரில் காய் இருக்க வேண்டிய இடத்தில் காம்பு மட்டும் தொங்கியது. வரப்பை ஒட்டி நாலைந்து வரிசை அப்படியே போயிருந்தது, எலி உள்ளே உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்துக்கு நிலத்தில் இருந்தால்தான் காய் முற்றும், ஆனால் அந்த ஒரு வாரத்தை எலி விடாது என்றான். வரப்பில் சின்னச் சின்ன வளைகள் தெரிந்தன. அவற்றின் வாசலில் கூண்டுப் பொறிகளை வரிசையாக வைத்து, கருவாட்டைச் சுட்டுச் செருகியிருந்தான். ஊர் முழுக்க இரவல் வாங்கிய பொறிகள். நாங்கள் வந்தபிறகு மூன்று பேருமாக இன்னும் சில இடங்களில் வைத்தோம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வளையின் வாசலிலும் குந்தி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இதில் காற்று இல்லை, இது சும்மா வாசல், குடித்தனம் வேறு எங்கேயோ இருக்கிறது என்றார். எங்கே என்று தம்பி கேட்டான். தெரியவில்லை என்றார்.

பொழுது சாய்வதற்குள் மோட்டார் கொட்டகை வாசலில் படுதாவை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் வெள்ளை மூட்டையைப் பிரித்தேன். தம்பி பசியில் இரண்டை ஒன்றாகச் சுருட்டினான். என் வீட்டுக்காரர் தன்னுடையதில் ஒரு துண்டைப் பிய்த்தார். பிய்த்தவர், பார்க்காமலேயே, தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார்.

கை தானாகச் செய்த வேலை அது. எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியவில்லை. அவன் வாயில் வைத்ததை மெல்லாமல் அவரையே பார்த்தான்.

"மாமா, நீங்க எலி புடிக்க வந்தீங்களா, விருந்து வெக்க வந்தீங்களா?"

அவர் அசடு வழியச் சிரித்தார். கீழே இருந்த பழக்கம் என்றார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டான். இங்கே ஒவ்வொரு காயும் என் பொண்ணுக்குச் சமானம், நான் கருவாட்டை எண்ணி எண்ணிப் பொறியில் வைத்திருக்கிறேன், வெளியில் சும்மா சப்பாத்தி கிடைத்தால் எந்த எலி பொறிக்குள் போகும் என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். தம்பி கண்ணில் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய், போட்ட துண்டைப் புல்லில் தேடி எடுத்துவந்து, ஊதிவிட்டு, தானே சாப்பிட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டபிறகு கை கழுவுகிற சாக்கில் அவர் வயலோரம் போனார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பையின் பக்கவாட்டில் செருகியிருந்த ராணி கலர் மூட்டை அவர் சால்வைக்குள் போனதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது கை வெறுமனே இருந்தது. அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் கட்டோடு எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மோட்டார் சுவிட்சைத் தடவிக்கொண்டு நின்றான். சொல்லலாமா வேண்டாமா என்று என் நாக்கு துடித்தது. எதையும் அடக்கிவைக்கிற ஜாதி இல்லை நான். ஆனாலும் அன்றைக்கு அடக்கிக்கொண்டு படுத்துவிட்டேன். கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன், விடியும்போது கை என்னுடையது மாதிரியே இல்லை.

விடிந்ததும் தம்பி பொறிகளைப் பார்க்க ஓடினான். முதல் பொறி காலி. அடுத்ததும் காலி. ஒன்றில் மூஞ்சூறு ஒன்று கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, அது யாருக்கு வேண்டும். கடைசிப் பொறிவரைக்கும் காலி. கருவாடு வைத்தது வைத்தபடியே இருந்தது. ராத்திரி இன்னொரு வரிசைச் செடி போயிருந்தது. தம்பி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். யாரையும் திட்டவில்லை. குடோன் சூப்பர்வைசர் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது, திங்கட்கிழமை பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான். பேசியது என்னிடம், பார்த்தது மண்ணை.

எல்லாம் இந்த மனுஷரால் வந்தது என்று திட்டுவதற்கு அவரைத் தேடிக்கொண்டு வயலோரம் போனேன். அவர் முந்தின நாள் மூட்டையை வைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மூட்டை அங்கே இல்லை. வாயைத் திறக்கப்போன நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து நிலத்தின் மூலையில், உழும்போது பொறுக்கிப் போட்ட கற்கள் குவியலாகக் கிடந்தன. அதன்மேல் உண்ணிச்செடி புதராக ஏறியிருந்தது. அந்தப் பச்சைக்கு அடியில், கல் இடுக்கில், ஒரு துளி ராணி கலர்.

வேறு யார் பார்த்திருந்தாலும் பூ என்று நினைத்திருப்பார்கள். நான் வெட்டிய துணி எனக்குத் தெரியாதா. ஓடிப்போய் முள்ளை விலக்கினேன். முழங்கை நுழைகிற அளவுக்கு ஒரு வளை. துணி முள்ளில் மாட்டி வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது, சப்பாத்தி உள்ளே போயிருந்தது. இழுத்துக்கொண்டு வந்த தடம் ஈரமண்ணில் வயல்வரைக்கும் தெரிந்தது. குடித்தனம் இங்கேதான் இருக்கிறது என்று கத்தினேன். சந்தோஷத்தில் எனக்குக் குரலே மாறிவிட்டது.

அதன்பிறகு நடந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பக்கத்து நிலத்துக்காரர், தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற பெரியவர், தன் கற்குவியலைக் கலைக்கச் சம்மதித்துக் கடப்பாரையையும் கொண்டுவந்தார். அவருக்கும் அந்த எலியால் தொல்லைதான். என் வீட்டுக்காரர் வைக்கோலைக் கொளுத்தி வளை வாசலில் வைத்து, புகையை உள்ளே விசிறினார். எந்தெந்த ஓட்டையிலிருந்து புகை வருகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கல்லை வைத்து அடைக்கச் சொன்னார். எங்கே காற்று இறங்கும், எங்கே ஏறும் என்பது அவர் வயிற்றுப்பிழைப்பாக இருந்த விஷயம். கடைசி ஓட்டையில் வலையைப் பிடித்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகையிலிருந்து ஓடி வந்து வலையில் விழுந்தன. எல்லாம் ஒரே பக்கமாக ஓடிவந்தன. அவர் வலையை முறுக்கிச் சாக்கில் தட்டினார், மறுபடி பிடித்தார்.

பிறகு தோண்டினார்கள். கற்களுக்கு அடியில் ஒரு அறை மாதிரி இருந்தது. அதில் நிலக்கடலை. மண் ஒட்டாமல், ஒன்றின்மேல் ஒன்றாக, கடையில் அடுக்கியது மாதிரி. தம்பி இரண்டு கையாலும் வாரினான், வாரிக்கொண்டே சிரித்தான், அழுதான். சாக்கு நிரம்பியது. கடலைக்கு நடுவில் என் சப்பாத்தி, பாதி தின்றபடி. தம்பி அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்து, பெரியவரிடம் காட்டினான்.

"எங்க மாமா வெச்ச பொறி. சப்பாத்திப் பொறி."

பெரியவர் கைதட்டினார். தம்பி ஓடிவந்து மாமா காலைத் தொட்டான். முந்தின நாள் பேசியதற்கு மன்னிச்சுக்குங்க மாமா என்றான். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பாதிச் சப்பாத்தியைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் மோட்டாரடிக்குப் போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

எலிச் சாக்கைப் பெரியவர் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் குழம்புக்கு ஆகும் என்றார். கொஞ்ச நேரத்தில் தம்பி பெண்டாட்டி களியும் கீரைக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் களியில் ஒரு துண்டைக் கிள்ளினார். கை தோள்வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. தம்பி சிரித்தபடி, போடுங்க மாமா, இனிமே எவ்ளோ வேணும்னாலும் போடுங்க என்றான். அவர் கையைக் கீழே இறக்கி அந்தத் துண்டைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நன்றிக்குக் கொடுத்ததை வைத்துத்தான் நாங்கள் அந்த எலிகளைப் பிடித்திருக்கிறோம். கண்டுபிடித்துக் கத்தினவள் நான்.

கிளம்பும்போது படுதாவில் சாமான்களைப் பரப்பிச் சரிபார்த்தார். டார்ச், வலை, தீப்பெட்டி எல்லாம் வந்துவிட்டது. துணி எங்கே என்று கேட்டார். கிழிந்துபோனது, எறிந்துவிட்டேன் என்றேன். அவர் கற்குவியலுக்கு நடந்துபோய், தேடி எடுத்து, மண்ணை உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது என் தையல் மிஷின் டிராயரில்தான் இன்னும் இருக்கிறது.

தம்பியின் கடலை கைக்கு வந்தது. ஊரே பேசும்படியான விளைச்சல் இல்லை, ஆனால் அவன் நிற்பதற்குப் போதும். நின்னுட்டேன்க்கா என்று போனில் சொன்னபோது பின்னால் அவன் மகள் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள், அவன் அவளை அதட்டினான். பகலில் மகளை அதட்டுகிற அப்பாவாகிவிட்டான். எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போன் செய்தான். பெரியவரின் கேழ்வரகில் எலி இறங்கியிருக்கிறதாம். வேறு கூட்டம். அன்றைக்குக் கல்லைக் கலைக்க விட்டவர், நாம் போகாமல் இருக்க முடியாது, மாமாவை ஒரு ராத்திரி வரச்சொல் என்றான். போனை வைக்கும்போது, அந்தச் சப்பாத்தியை மறக்காதே, அதே மாதிரி பளிச்சென்று ஒரு துணியில் கட்டி எடுத்துவா என்றான். ஊரில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியுமாம்.

நான் அப்படியே சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். போக வேண்டியதுதான், அந்தப் பெரியவருக்குச் செய்ய வேண்டும் என்றார். வலை வேண்டும், புகை போட வைக்கோல் அங்கேயே கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். அப்போ சப்பாத்தி என்று கேட்டேன்.

"பொறியில கருவாடு வெச்சா அது பொறின்னு எலிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் குடுத்தது பொறி இல்லமே. நமக்கு எவ்ளோவோ அவ்ளோ மட்டும் சுடு."

சுட்டேன். எண்ணித்தான் சுட்டேன். கூடத்தில் போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். இந்தத் தடவை தலையணையை நானே வைக்கவில்லை. சப்பாத்தியைக் கட்ட ஒரு வெள்ளைத் துணியை வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்து உள்ளே வைத்தார். துணியை எடுத்தவர் மட்டும் அதை என் பக்கம் தள்ளினார்.

"டப்பால போட்டுக் குடு."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று இருந்தது. அலமாரியிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து, சப்பாத்தியை அடுக்கி மூடினேன். அவர் வாங்கி ஆட்டினார். மூடி லொடலொடத்தது. காதருகே வைத்து இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். மூடிக்கு ஒரு துணி சுற்றட்டுமா என்று கேட்டேன். வேணாம், நாம வர்றது அதுங்களுக்கும் கேக்கட்டும் என்றார். அவர் அதை அப்படியே பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டார்.

மாரிகுப்பத்திலிருந்து பூதிகோட்டைவரைக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த டப்பா கலகலத்துக்கொண்டே வந்தது. ஒரு தடவைகூட அவர் வண்டியை நிறுத்தி அதைச் சரிசெய்யவில்லை. நானும் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.